மெர்ட்டசாக்கர்: ஓட்டம் குறைந்த தடுப்பாட்டக்காரரிடம் ஏன் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள்?

நான்காம்எண்:

லண்டன் கால்பந்துக் கிளப்பான ஆர்சனலின் இழையில், அதன் அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளி) வளர்ந்த புகாயோ சாக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர், "மெர்ட்டசாக்கருக்கு அகாடமியைக் கொடுத்தது அப்போதைய பயிற்சியாளர் வெங்கர் காட்டிய பாசம், அவ்வளவுதான். ஓடவே முடியாத ஆள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் இந்தத் தனி இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, அந்தத் தலைமுறை வீரர்களில் அவரைவிடப் பொருத்தமான ஒருவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் வென்ற கோப்பைகளை வைத்து இதைச் சொல்லவில்லை. காலில் வேகம் இல்லாமல், வயிற்றில் பயத்தோடு 15 வருடம் உச்சத்தில் தாக்குப்பிடித்தவர் என்பதால் சொல்கிறேன்.

ஜெர்மன் தடுப்பாட்டக்காரர் பெர் மெர்ட்டசாக்கர் 1984-இல் ஹானோவரில் பிறந்தவர். பக்கத்துச் சிற்றூர் கிளப்பான பட்டென்சனில் தொடங்கி, 1995-இல் ஹானோவர் 96 சிறுவர் அணிக்கு வந்தார். பதினைந்து வயதில் உடம்பு மளமளவென்று உயர்ந்ததில் முழங்கால் தாங்காமல் நீண்ட நாள் ஆட்டமே இல்லை. அந்த வயதில் அவர் பெரிய ஆளாக வருவார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். அவருக்கே அந்த எண்ணம் இல்லை. பள்ளிப் படிப்பை விடாமல் முடித்தார். 2003 நவம்பரில் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக் அவரை முதல் அணியில் இறக்கினார். அடுத்த வருடம் அக்டோபரிலேயே டெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக ஜெர்மனியின் சட்டை. அதே காலகட்டத்தில், கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலான சமூகப் பணியை மனநோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் இடத்தில் செய்துகொண்டிருந்தார். இருபது வயதில் ஒரு பக்கம் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பன்டஸ்லிகா, இன்னொரு பக்கம் அந்த வேலை. பின்னாளில் அவர் ஆர்சனல் அகாடமி இருக்கும் ஹேல் எண்டில் என்ன செய்ய முயன்றார் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2006-இல் வெர்டர் பிரேமன், 2009-இல் ஜெர்மன் கோப்பை. 2011 ஆகஸ்ட்டில் ஆர்சனல் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று நொறுங்கிய மூன்றாம் நாள் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அதே நாளில் கையெழுத்துப் போட்ட இன்னொருவர், பின்னாளில் ஆர்சனலின் பயிற்சியாளரான மிக்கேல் அர்டேட்டா. ஆர்சனலுக்காக 221 ஆட்டங்கள், ஜெர்மனிக்காக 104. 2014-இல் உலகக் கோப்பை. 2018-இல் ஓய்வு பெற்ற கையோடு ஆர்சனல் அகாடமியின் பொறுப்பு. அதை ஒரு வருடம் முன்பே, 2017 கோடையிலேயே கிளப் அறிவித்திருந்தது.

இப்போது அந்த "ஓட முடியாத ஆள்" விஷயத்துக்கு வருகிறேன். 2017 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தை முழுதாகப் பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் பாருங்கள். முந்தைய கோடையில் முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க வெளியே. லீகின் கடைசி நாள் எவர்ட்டனுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கியதுதான் அவருடைய மொத்தக் கணக்கு. வழக்கமான நடுத் தடுப்பாட்டக்காரர்களில் கோசியெல்னிக்குத் தடை, கேப்ரியல் பாலிஸ்டாவுக்குக் காயம். வேறு வழியில்லாமல் வெம்ப்ளியில் மூன்று பேர் பின்வரிசைக்கு நடுவில் 32 வயது மெர்ட்டசாக்கர், ஒரு பக்கம் 21 வயது ராப் ஹோல்டிங், மறுபக்கம் மோன்ரியால். எதிரே லீகை வென்ற செல்சி. டியேகோ கோஸ்டா, ஹசார்ட், பெட்ரோ.

ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். செல்சி நடுக்கள வீரர் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே இவர் இரண்டடி பின்வாங்கியிருப்பார். கை நீண்டு ஹோல்டிங்கை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக்கொண்டே இருக்கும். கோஸ்டா ஓடத் தொடங்கும்போது இவர் ஏற்கெனவே அந்த இடத்தில் நிற்பார். ஓடிப் பிடிக்க வேண்டிய தேவையே வராதபடி ஆடுவது ஒரு கலை. அன்று 2-1 என்று ஆர்சனல் வென்றது. ஒரு வருடம் ஆடாத காலோடு அப்படி ஆட முடிந்தது என்றால், அந்த ஆட்டம் காலிலிருந்து வரவில்லை.

கரிசல்காடன்:

இழைக்கு நன்றி அண்ணா. அந்த இறுதியாட்டம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தை வைத்து முழுக் கதையும் சொல்ல முடியாது. 2013-14 சீசனில் மான்செஸ்டர் சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, செல்சியிடம் 6-0. மூன்றிலும் பின்வரிசையில் அவர் இருந்தார். வெங்கர் தடுப்பு வரிசையை மேலே ஏற்றி வைத்தபோதெல்லாம் பின்னால் இருந்த வெற்றிடத்தில் எல்லோரும் ஓடினார்கள், அவரால் திரும்ப முடியவில்லை.

அதைவிட எனக்குப் பெரிய கேள்வி 2018 மார்ச்சில் 'டெர் ஷ்பீகல்' பத்திரிகைக்கு அவர் கொடுத்த பேட்டி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் குமட்டல் வரும், ஆட்ட நாட்களில் வயிற்றுப்போக்கு, பெஞ்சிலோ பார்வையாளர் பகுதியிலோ உட்கார்ந்தால் நிம்மதி என்று சொன்னார். 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றபோது வருத்தத்தைவிட 'முடிந்துவிட்டது' என்ற ஆறுதல்தான் பெரிதாக இருந்தது என்றார். லோதர் மத்தாயஸ் உடனே கேட்டார்: அழுத்தம் தாங்க முடியவில்லை என்று சொல்லும் ஒருவர், இளம் வீரனுக்குத் தொழில்முறை மனநிலையை எப்படிக் கற்றுக்கொடுப்பார்? மத்தாயஸ் 1990-இல் ஜெர்மனிக்குக் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர். அவர் கேட்டதைச் சும்மா தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம்.

மைதானம்:

2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியா ஆட்டம் முடிந்ததும் டிவி நிருபரிடம் கொந்தளித்தாரே, அதை மறந்துவிட்டீர்களா? கூடுதல் நேரம் வரை போய் 2-1 ஜெயித்து வெளியே வருகிறார். ஏன் இவ்வளவு மோசமாக ஆடினீர்கள் என்ற தொனியில் கேள்வி. கடைசி எட்டில் இருக்கிறோம், இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு, நான் போய் மூன்று நாள் ஐஸ் தொட்டியில் கிடக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெர்மனியில் அந்த ஐஸ் தொட்டி இன்றைக்கும் பேச்சு.

என் மனதில் நின்றது அதற்கு அடுத்த ஆட்டம்தான். பிரான்சுக்கு எதிரான காலிறுதியில் அவரை உட்கார வைத்துவிட்டு போவாட்டெங், ஹும்மெல்ஸ் இருவரையும் நடுவில் போட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பிரேசிலுடன் அந்த 7-1 அரையிறுதியில் இடைவேளைக்குப் பிறகு வந்தார். மரகானா இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஓசிலுக்குப் பதிலாக இறங்கினார். உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டு அடுத்த மாதமே தேசிய அணிக்கு விடைகொடுத்தார்.

கிழக்குலண்டன்அக்கா:

பந்தைப் பற்றி உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. அக்கா மகன் ஒருவன் இங்கே ஒரு கிளப்பின் அகாடமியில் இருந்தான். எந்தக் கிளப் என்று சொல்லப்போவதில்லை. ஒன்பது வயதில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே அவனுடைய பயிற்சியைச் சுற்றித்தான். திருவிழா, கல்யாணம், பிறந்தநாள் எதுவும் கிடையாது. அத்தான் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டார். பதினான்கு வயதில் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து, உயரம் போதவில்லை, அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்றார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. பிள்ளை கிளப் பையைத் தூக்கி அலமாரி அடியில் தள்ளினான். மூன்று மாதம் பள்ளியில் யாரிடமும் பேசவில்லை. 'நான் யார்' என்று அவனுக்கே தெரியவில்லை என்று அக்கா சொல்லி அழுதாள்.

அந்தப் பேட்டியைப் பற்றி எனக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். மத்தாயஸ் கேட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பையனை அன்று உட்கார வைத்துப் பேசியவர், தானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறையில் நின்றவராக இருந்திருந்தால், அந்தப் பத்து நிமிடம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான்காம்எண்:

அக்கா, நான் எழுத நினைத்ததை நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். தம்பி இப்போது நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

கரிசல்காடன், மத்தாயஸின் கேள்விக்கு என் பதில் இது. அகாடமியில் ஒன்பது வயதில் பதிவாகும் பிள்ளைகளில் முதல் அணியில் நிலைப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒன்பதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டிலிருந்து பதினாறு, அப்புறம் பதினாறில் இரண்டு வருட உதவித்தொகை ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படியிலும் ஆட்களைக் கழிப்பார்கள். அப்படியென்றால் அகாடமித் தலைவர் அதிகம் செய்யும் வேலை என்ன? 'நீ வேண்டாம்' என்று சொல்வது. மிச்சமிருக்கும் பிள்ளைகளை அந்தப் பயத்திலிருந்து காப்பாற்றுவது. மத்தாயஸ் அந்த ஒருவனை மட்டும் மனதில் வைத்துப் பேசினார். மற்றவர்களைப் பற்றி அவர் பேச்சில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, அந்தப் பேட்டியை 'தாங்க முடியவில்லை' என்று படிப்பதே தவறு என்பேன். தாங்கினார். 500-க்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குமட்டியது, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார், யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்தார், உள்ளே போய் ஆடினார். தொழில்முறை மனநிலை என்று மத்தாயஸ் எதைச் சொல்கிறாரோ, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? பயமே இல்லாதவன் வந்து 'பயப்படாதே' என்றால் பதினாறு வயதுப் பையனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ராபர்ட் என்க்கேயையும் இங்கே சொல்ல வேண்டும். ஹானோவரின் கோல்கீப்பர், ஜெர்மனி அணியிலும் ஆடியவர். 2004 முதல் இரண்டு வருடம் இருவரும் ஒரே அணி, நல்ல நண்பர்கள். மனச்சோர்வை வெளியே சொல்ல முடியாமல் மறைத்தே வாழ்ந்து, 2009 நவம்பரில் என்க்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 32 வயது. நண்பரை அப்படி இழந்த ஒருவர், எட்டு வருடம் கழித்து, அகாடமிப் பொறுப்பை ஏற்கும் சில மாதங்களுக்கு முன்னால், தன் வாயாலேயே தன் உடம்பு பட்ட பாட்டைச் சொல்கிறார். அந்தப் பேட்டியை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. புதிய வேலைக்கு அவர் வைத்த முதல் கல்லாகப் பார்க்கிறேன்.

பனைமரம்:

மனநலம், படிப்பு, பண்பு எல்லாம் சரி. ஆனால் புகழ் யாருக்குப் போக வேண்டும் என்பதில் கொஞ்சம் கவனமாக இருப்போம். சாக்கா ஏழெட்டு வயதிலேயே ஹேல் எண்டுக்கு வந்தவர். 2018 நவம்பரில் முதல் ஆட்டம். மெர்ட்டசாக்கர் நாற்காலியில் உட்கார்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்மித் ரோ, என்கெட்டியா, வில்லக், நெல்சன் எல்லோரும் அவருக்கு முன்பே பழுத்த பழங்கள். பெயர் தெரியாத எத்தனையோ கோச்சுகள் வால்தம்ஸ்டோ மைதானங்களில் வருடக்கணக்கில் நின்று வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

போனவர்கள் கணக்கையும் எடுங்கள். சிடோ ஓபி 2024-இல் மான்செஸ்டர் யுனைடெட் போனான். கோசியர்-டுபெரி பிரைட்டனுக்கு. அடுத்த குளிர்காலத்தில் ஏய்டன் ஹெவனும் யுனைடெட்டுக்கு. தடுப்பாட்டக்காரர் நடத்திய அகாடமியிலிருந்து ஒரு நல்ல சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரன்) கிளம்பிப் போனான் என்றால் எனக்கு உறுத்துகிறது.

பந்தடி_ஆசிரியர்:

பனைமரம் சொல்வது நியாயம். ஒரு விஷயம் மட்டும் தெளிவுபடுத்துகிறேன். அகாடமி மேலாளர் வேறு, கோச் வேறு. தினமும் கூம்பு வைத்துப் பயிற்சி கொடுப்பது மேலாளர் வேலை இல்லை. யாரை எந்த வயது அணிக்குக் கோச்சாகப் போடுவது, பள்ளிப் படிப்பை எப்படி இணைப்பது, யாரை எப்போது மேலே தள்ளுவது, வீட்டில் என்ன பேசுவது, இதெல்லாம்தான். 18 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 2022-இல் ஜாக் வில்ஷியரைக் கொண்டுவந்ததுபோன்ற முடிவுகள். களத்தில் அவரே நேரடியாக நின்றது 2019 இறுதியில்தான். தலைமைப் பயிற்சியாளர் எமரியை அனுப்பிய பிறகு லியுங்பெரி இடைக்காலப் பொறுப்பில் இருந்த சில வாரங்கள் அவருக்குத் துணையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் அர்டேட்டா வந்ததும் அகாடமிக்கே திரும்பிவிட்டார். பெரிய அணியில் ஒட்டிக்கொள்ளும் ஆசை இருந்திருந்தால் அதுதான் நேரம்.

அவர் காலத்தில் வந்தவர்கள் என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் ஈதன் நுவானேரி, மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி, மேக்ஸ் டவ்மன். நுவானேரி 2022 செப்டம்பரில் பிரென்ட்ஃபோர்டில் இறங்கியபோது வயது 15 வருடம் 181 நாள். பிரிமியர் லீக் வரலாற்றிலேயே அவ்வளவு இளையவர் அதற்கு முன் இல்லை. பள்ளிக்கூடப் பையன். அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களோடு ஒரே அறையில் உடை மாற்றக் கூடாது என்ற பாதுகாப்பு விதி இருப்பதால் டவ்மனுக்கும் தனி அறை கொடுத்தார்கள். இந்த மாதிரி சின்ன ஏற்பாடுகளை யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் அல்லவா?

நுவானேரி அன்று சில நொடிகள் ஆடினான். அதற்குப் பிறகு அவனை அவசரப்படுத்தவில்லை. முதல் அணியில் ஒழுங்காக ஆட்டம் கிடைத்தது 2024-25-இல்தான். இரண்டு வருடம் பொறுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். நான் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியன். பதினைந்து வயதில் மாவட்டமே பேசும் பையனை எல்லாப் போட்டிக்கும் இழுத்துக்கொண்டு போய், பதினெட்டில் முழங்காலோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

கரிசல்காடன்:

லூயிஸ்-ஸ்கெல்லி விஷயத்தில் நான் தலைவணங்குகிறேன். நடுக்கள வீரனாக வளர்ந்தவனை இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனாக அர்டேட்டா இறக்கினார். 2025 மார்ச்சில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம், அல்பேனியாவுக்கு எதிராக, அதிலேயே கோல். 18 வயது. நெருக்கத்தில் மூன்று பேர் வந்தாலும் பந்தைத் தோளுக்குப் பின்னால் மறைத்து முதுகைக் கொடுத்துத் திரும்புவான் பாருங்கள், அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்திருக்கிறேன்.

இருந்தாலும் 2023 இளையோர் கோப்பை இறுதியில் சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமிடம் 5-1. அதே கோப்பையை 2009-இல் வில்ஷியர் ஆடிய அணி வென்றது. கோப்பை வேண்டாமா?

நான்காம்எண்:

கோப்பை வேண்டும்தான். ஆனால் அந்த 5-1 அணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நுவானேரியும் லூயிஸ்-ஸ்கெல்லியும். இருவருக்கும் பதினாறு வயது. எதிரே நின்றவர்களில் பலர் ஒன்றிரண்டு வயது மூத்தவர்கள். அன்று எமிரேட்ஸில் தோற்று நின்ற அந்த இரண்டு பேரும் இரண்டே வருடத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆடினார்கள். பதினாறு வயதில் கிடைக்கும் தோல்வியை எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் எனக்கு அக்கறை. மேலே நண்பர் சொன்ன 2013-14 தோல்விகளும் அப்படித்தான். சிட்டியிடம் 6-3 தோற்ற அன்று, வெளியூர் வந்த ரசிகர்களுக்கு நன்றி சொல்லாமல் நேரே உள்ளே போன ஓசிலைப் பார்த்து மெர்ட்டசாக்கர் மைதானத்திலேயே கத்தினார். ஆறு கோல் வாங்கிய ஆத்திரத்திலும், பணம் கொடுத்து வந்த ரசிகர்களை மதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த சீசன் மே மாதம் வெம்ப்ளியில் ஹல் சிட்டியை வென்று, ஒன்பது வருட வறட்சி முடிந்தது. அதிலும் நடுவில் அவர்தான். அடுத்த வருடம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 4-0, மூன்றாவது கோல் அவருடைய தலையிலிருந்து.

பனைமரம், சாக்காவின் புகழ் முந்தைய கோச்சுகளுக்குப் போக வேண்டும் என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஹெவன் போனது எனக்கும் வலிதான். ஆனால் சலிபா, கேப்ரியல் இருவரும் நடுவில் நிற்கும் அணியில் பதினெட்டு வயது சென்டர் பேக்கிடம் 'பொறு' என்று எத்தனை வருடம் சொல்ல முடியும்? கதவு அடைத்திருப்பதை நேர்மையாகச் சொல்லி அனுப்புவதும் அந்த வேலையில் சேர்த்தி.

உங்கள் உறுத்தலுக்குள் எனக்கு உண்மையிலேயே பிடித்த கேள்வி ஒன்று உண்டு: தடுப்பாட்டக்காரர் என்பதால் என்ன கூடுதலாகத் தர முடியும்? கோசியெல்னியோடு அவர் ஆடியதைத்தான் சொல்வேன். கோசியெல்னி முன்னால் பாய்ந்து பந்தைப் பறிப்பார். பறிக்கத் தவறினால் பின்னால் மெர்ட்டசாக்கர் ஏற்கெனவே மூடியிருப்பார். முன்னால் பாய்பவனுக்குத்தான் கைதட்டல். பின்னால் மூடுபவன் வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் அவன் படமாட்டான். பிள்ளைகளை வளர்ப்பவருக்கு அந்தக் குணம் வேண்டும். நட்சத்திரமாக ஆடிப் பழகிய பலருக்கு வெளிச்சத்தை விட்டு நகர மனம் வராது.

கிழக்குலண்டன்அக்கா:

கேட்டதற்கு நன்றி தம்பி. பையனுக்கு இப்போது பதினேழு. ஞாயிற்றுக்கிழமை அணி ஒன்றில் ஆடுகிறான், படிப்பும் போகிறது. இந்த வருடம் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பக் கோச்சிங் சான்றிதழுக்குப் பதிவு செய்திருக்கிறான். ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த 2017 ஆட்டத்தில் கையைக் காட்டிக் காட்டி நிற்பது எந்தப் பகுதியில் நன்றாகத் தெரியும்? அவனுக்கு அனுப்ப வேண்டும்.

நான்காம்எண்:

இரண்டாம் பாதியில் செல்சியின் மோசஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. செல்சிக்குப் பத்தே பேர். இருந்தும் 76-ஆவது நிமிடம் கோஸ்டா சமன் செய்வார், மூன்றே நிமிடத்தில் ஆர்சனலின் ராம்சி தலையால் முட்டி மறுபடியும் முன்னிலை. அதற்குப் பிறகு வரும் கடைசிப் பத்து நிமிடத்தில் மெர்ட்டசாக்கர் ஹோல்டிங்கிடம் பேசிக்கொண்டே இருப்பார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த இரண்டு பேரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.